ஓதந்தாங்க, பாய்

அத்தா, கீழ் அறையின் வாடை இன்று காலை அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். பால் வாசனையையும் மீறிக்கொண்டு, ஈரச் சாக்கும் பழைய சுண்ணாம்பும் கலந்த அந்த வாடை. முதலில் நான் செய்த காரியம் என்ன தெரியுமா? "அத்தா, கீழ்க் கதவைச் சாத்திட்டு வாங்க" என்று சத்தம் போட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் கரண்டி கையிலேயே நின்றது. நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு வருகிற முதல் மழை இது. என் நாக்குக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

ஏரி நிரம்பிவிட்டது. பெரம்பலூர் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன், கரையோரத்துப் பருத்திக் காடெல்லாம் தண்ணீரில் நிற்கிறது. மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்த வெள்ளிக்கிழமை வீட்டில் இருக்கிறேன், அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதவும் முடிகிறது. எழுதினால் உங்களுக்குக் கிடைக்குமா என்றெல்லாம் கேட்காதீர்கள். இருக்கும்போது நான் பேசியதே உங்களுக்குப் பாதிதான் கேட்டது.

ஷார்ஜாவிலிருந்து தம்பி விடிந்ததும் போன் போட்டான். "அக்கா, இந்தத் தடவ யோசிக்காத. கிராவலக் கொட்டி மூடிரு. அத்தா இருந்த வரைக்கும் சரி. இனிமே யாருக்கு அந்தக் குழி?"

"அது குழியில்லடா, ரூம்பு."

"ஆரம்பிச்சுட்டியா நீயும்?" என்றான். அவன் கொத்தனார் கலியமூர்த்தி அண்ணனிடம் ஏற்கெனவே பேசிவிட்டான். ஜும்மா முடிந்ததும் அவர் டிராக்டரோடு வருகிறார். அதற்குள் நான் கீழே இருக்கிற சாமான்களை மேலே ஏற்ற வேண்டும். இன்று கொட்டினால் அத்தோடு அந்த அறை இல்லை. அடுப்படிச் சுவரில் விழுந்திருக்கும் விரிசலையும் பார்த்துவிட்டு, கொட்டுவதுதான் நியாயம் என்றே நானும் சொல்லிவிட்டேன். இந்தக் குடும்பத்தில் நியாயம் பேசுவதற்கென்று ஒரு ஆள் வேண்டுமே, அந்த வேலை எப்போதும் என் தலையில்தான். ஆனால் சாமானை ஏற்றப் போகாமல் உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன் பாருங்கள்.

லப்பைக்குடிக்காட்டில் வெளிநாட்டுக் காசில் வீடு கட்டியவர்கள் எல்லோரும் மாடி மேல் மாடி ஏற்றினார்கள். நீங்கள் ஒருவர்தான் கீழே தோண்டினீர்கள். குவைத்தில் ஏதோ ஒரு பெரிய கட்டடத்தின் அடியில் பம்பு ஓட்டியே காலத்தைக் கழித்துவிட்டு வந்த மனுசன். வெளியே தார் உருகுகிற வெயிலிலும் பம்பு அறை ஜிலுஜிலுவென்று இருக்கும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! அந்த ஜிலுஜிலுப்புதான் உங்கள் காதை வாங்கிக்கொண்டது. மோட்டார் சத்தத்திலேயே இருந்து இருந்து, பக்கத்துப் பள்ளிவாசல் பாங்கே உங்களுக்குத் தூரத்து ஊரிலிருந்து வருவது போலத்தான் கேட்கும்.

கலியமூர்த்தி அண்ணன் அன்றைக்கே சொன்னார். "பாய், பின்னாடி ஏரி. மழைக்கு அது சும்மா இருக்காதுங்க."

"நான் பாக்காத தண்ணியா?" என்றீர்கள்.

பிறகு ஒவ்வொரு மழைக்கும் இந்த வாக்கியத்தை உங்களிடமே திருப்பிச் சொல்லிக் கேலி செய்தோம். கீழ்ச் சுவருக்கு அரியலூர்ப் பக்கத்திலிருந்து கல் வந்தது. கல்லைப் புரட்டிப் பார்த்தால் உள்ளே கிளிஞ்சல் பதிந்திருந்தது. ஒரு காலத்தில் அங்கெல்லாம் கடலாக இருந்ததுதானே. கலியமூர்த்தி அண்ணன் ஒரு கிளிஞ்சலை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "கடல்ல கெடந்த கல்லுங்க. தண்ணியக் கண்டா விடாது" என்றார். நான் அறிவியல் டீச்சர். இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் தலையை ஆட்டுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

தோண்டிய பள்ளத்தின் ஓரத்தில் அம்மா வந்து நின்றதை நினைத்துப் பார்க்கிறேன். முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார். "என்னங்க, உசுரோட இருக்கும்போதே கபுருக் குழிக்குப் பழகிக்கச் சொல்றீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. உங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படிச் சொன்னவர்தான் அந்த அறையைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டார். கத்திரி வெயிலில் மத்தியான லுஹர் தொழுதுவிட்டு, கோரைப்பாயையும் குர்ஆனை வைத்து ஓதும் சின்னப் பலகையையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். சாயங்காலம் அஸர் வரைக்கும் ஓதல்தான். மேலே இருக்கிற எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. படிக்கட்டு வழியாக ஒரு முனகல் மட்டும் ஏறி வரும், நடுவில் மூச்சு வாங்கும், மறுபடி வரும். நீங்கள் டீ டம்ளரோடு மேல் படியில் உட்கார்ந்திருப்பீர்கள். அம்மா கையேந்தித் துஆ கேட்டு முடிக்கிற இடம் உங்களுக்கு எப்படித்தான் தெரியுமோ, சரியாக அந்த நேரத்தில் ஒரு செருமு செருமிவிட்டு "ஆமீன்" என்பீர்கள். காது சரியாக இருக்கிற எனக்குத் தெரியாது, செவிட்டு மனுசருக்குத் தெரியும். ஒருநாள் கேட்டேன். "காதால கேக்குறதில்ல புள்ள, குண்டியால கேக்குறேன். படி அதிரும்" என்றீர்கள். அம்மா கீழிருந்து, "டீச்சரம்மாகிட்ட பேசுற பேச்சா இது?" என்று கத்தினார்.

அம்மா போனது ஒரு கோடையில். இழுத்துக்கொண்டு கிடக்கவில்லை, அது அவருடைய நல்ல நேரம், நமக்குத்தான் தாங்கவில்லை. நீங்கள் கீழ் அறைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்புப் பெல்ட்டில் போட்டுக்கொண்டீர்கள். பிறகு மழை வந்தது. ஏரி ஏறியது. கதவுக்கு அடியிலிருந்து வாடை வந்தது. கலியமூர்த்தி அண்ணனைக் கூப்பிட்டேன்.

அவர் டார்ச்சோடு கீழே இறங்கினார். நீங்கள் மேல் படியில், நான் உங்களுக்குப் பின்னால். அவர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஓதந்தாங்க, பாய்!"

உங்கள் முகம் மாறியது.

"யாரு?" என்றீர்கள்.

அவருக்கு உங்கள் கேள்வி விளங்கவில்லை. "ஓதந்தாங்க! நாலு பக்கமும் ஓதந்தாங்க!"

நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள். பள்ளிவாசலுக்குள் நுழைகிறவர் போல வலது காலை முன்வைத்துத் தண்ணீருக்குள் இறங்கினீர்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அத்தா, ஓதம்! ஈரம்! செவுத்துல ஈரம் ஏறியிருக்காம்!" என்று உங்கள் காதருகே வந்து கத்தினேன். "ஓதுறாங்கன்னு சொல்லல!"

தண்ணீருக்குள் நின்றபடியே சுவரைத் தொட்டுப் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். கலியமூர்த்தி அண்ணனும் விவரம் புரிந்து சிரித்தார். நம் ஆட்களுக்கு மட்டும் வரக்கூடிய தப்பு அது. தம்பி அதை வைத்து எத்தனை நாள் ஓட்டினான்! மாத்திரை போட்டீங்களா என்று போனில் கேட்க வேண்டியதைக் கூட விட்டுவிட்டு, "என்ன அத்தா, கீழ ஓதுறாங்களா?" என்பான்.

ஆனால் மறுநாள் லுஹருக்குப் பிறகு நீங்கள் டீ டம்ளரோடு மேல் படியில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். பூட்டு திறந்திருந்தது.

என் அறிவியல் இடறிய இடம் இதுதான், அத்தா. அறையின் மூலையில் நீங்கள் கட்டி வைத்திருந்த சின்னத் தொட்டிக்குள் சுவரிலிருந்து தண்ணீர் வடிந்து சொட்டும். கீழே நின்று கேட்டால் வெறும் சொட்டுச் சத்தம். மேல் படிக்கு வந்தால் அது முனகலாக மாறிவிடும். நடுவில் மூச்சு வாங்கும், மறுபடி வரும். ஒரு சொல்லும் பிடிபடாது. சொல் பிடிபடவில்லையே, இது ஓதலாகுமா என்று நான் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அம்மா ஓதும்போதும் எனக்குச் சொல் பிடிபட்டதில்லையே. கல் அறையில் எதிரொலி அப்படித்தான் இருக்கும் என்று உங்களுக்குப் பாடம் நடத்தினேன். நீங்கள் நல்ல மாணவராகக் கேட்டுக்கொண்டீர்கள். கேட்டு முடித்து, ஒரு செருமு செருமி, "ஆமீன்" என்றீர்கள். என் பாடத்துக்கா, கீழேயா என்று தெரியவில்லை.

மௌத்தானவர்கள் ஓதுவார்களா என்று பள்ளிவாசல் ஹஜரத்திடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தானே கேட்கவே இல்லை நீங்கள்!

லீவில் வந்த தம்பிக்குப் பொறுக்கவில்லை. அவன் உங்களைத் திருச்சிக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன சமயம் பார்த்து, வேறு ஆட்களை வைத்து உள்சுவர் முழுக்க நீர் புகாத பூச்சுப் பூச ஏற்பாடு செய்தான். நல்ல எண்ணம்தான். நீங்கள் பச்சைக் கண்ணாடியோடு திரும்பி வந்தீர்கள், மேல் படியில் உட்கார்ந்தீர்கள். கீழே சத்தமே இல்லை. அன்றைக்கு டீ ஆறிப்போய்த் தோல் கட்டியதை நான்தான் எடுத்துக் கொட்டினேன். "ஏன் புள்ள ஓதல?" என்று ஒரே ஒரு தரம் கேட்டீர்கள். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த மழையில் மேலே அம்மாவின் அறைச் சுவரில் ஈரம் வந்தது. அடியில் வழியை அடைத்தால் ஈரம் சுவருக்குள்ளேயே ஏறத்தான் செய்யும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. இதை நான் கரும்பலகையில் படம் போட்டே விளக்குவேன். ஆனால் அம்மாவின் கட்டில் கிடந்த இடத்துக்கு நேராக, முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணின் உயரத்துக்கு, தோளும் தலையுமாக அந்த ஈரம் ஏன் வர வேண்டும்? அதை எந்தப் பலகையில் வரைவது? பீரோவை நகர்த்தி மறைத்தேன். கொஞ்ச நாளில் பீரோவுக்கு மேலே தலை தெரிந்தது.

நீங்கள் மட்டும் பயப்படவில்லை. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஏதோ நீண்ட நாள் கழித்து ஊரிலிருந்து வந்தவரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தீர்கள். "நீங்க கீழ கதவ அடச்சுட்டீங்க. அவ மேல வந்துட்டா. அவ்வளவுதான்" என்றீர்கள். எனக்குப் பயம் வந்தது. கோபமும் வந்தது. "வூடு விழுந்துரும் அத்தா, தெரியுதா உங்களுக்கு?" என்று கத்தினேன். "அடச்சா விழும்" என்றீர்கள். உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போய்ப் பூச்சைக் கொத்தினீர்கள். தொட்டிக்கு மேலே ஒரு கை அகலத்துக்குக் கல் தெரிகிற வரைக்கும் கொத்தினீர்கள். தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு மேலே சுவர் காய்ந்தது. தோள் முதலில் போயிற்று, தலை கடைசியில். கறை மட்டும் உப்பாகப் பூத்து நின்றது. கையால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. எந்த ஏரித் தண்ணீர் கரிக்கும், அத்தா?

இந்தக் கோடையில் நீங்கள் படுத்தீர்கள். கீழ் அறை எலும்பு போலக் காய்ந்து கிடந்தது. நீங்கள் டாக்டரைக் கேட்கவில்லை, தம்பி எப்போது வருவான் என்று கேட்கவில்லை. "மழைக்கு இன்னும் எவ்வளவு நாளாவும் புள்ள?" என்பதுதான் கேள்வி. கடைசியாகத் தெளிவாகப் பேசியதும் மழையைப் பற்றித்தான். "மழ வந்தா அவ ஓதுவா. முடிக்கும்போது ஒரு ஆளு ஆமீன் சொல்லலன்னா எப்புடி?"

"அட போங்க அத்தா. செவுத்துக்கெல்லாம் ஆமீன் சொல்ல எனக்கு வராது" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். கோபித்துக்கொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும். நான் அப்படித்தான் பேசுவேன் என்று உங்களுக்கும் தெரியும். மழை வருவதற்குள் போய்விட்டீர்கள்.

பள்ளிவாசலில் ஜும்மா முடிகிற சத்தம் கேட்கிறது. சாமானை எடுக்க வேண்டும். போய்விட்டு வருகிறேன்.

மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக வந்தால் மன்னியுங்கள்.

படிக்கட்டில் இறங்கினேன். தண்ணீர் கடைசிப் படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அம்மாவின் பலகை பரணில் பத்திரமாக இருந்தது. அதன் அடியில் கிடந்த பாயைச் சுருட்டினேன். நீங்கள் தண்ணீர் இறைக்கிற நீல வாளியையும் எடுத்துக்கொண்டு பாதிப் படி ஏறினேன். அங்கே நின்றபோதுதான் கேட்டேன். முனகல். மூச்சு. மறுபடி முனகல். சரி, எதிரொலிதான், நின்று கேட்டுவிட்டுத்தான் போவோமே என்று நடுப்படியிலேயே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் என்னை அறியாமல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன்.

திடீரென்று நின்றது.

சொட்டுக் கூட இல்லை. வெளியே மழை பெய்துகொண்டிருக்கிறது, ஏரி நிறைந்து நிற்கிறது, சுவரில் தண்ணீர் மட்டும் நின்றுவிட்டது. விரிசலில் காற்று அடைத்திருக்கும் என்று நினைத்தேன். நினைப்பு பாதியிலேயே அறுந்தது. ஏனென்றால் அது ஓய்ந்த சத்தம் மாதிரி இல்லை, அத்தா. ஒருவர் முடித்துவிட்டு, பதிலுக்காகக் கையை ஏந்திக்கொண்டு இருக்கிற மாதிரி இருந்தது. அறையே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அப்படிப் பயந்ததில்லை நான். சொல்ல மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எனக்குப் பின்னால், மேல் படியில், யாரோ செருமினார்கள்.

"கலியமூர்த்தி அண்ணே?" என்றேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாளியின் பிடியை இறுக்கிக்கொண்டு, முன்னால் இருந்த இருட்டுத் தண்ணீரைப் பார்த்தபடியே "ஆமீன்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

கீழே தொட்டியில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அப்புறம் எப்போதும் போல.

மேலே வந்தபோது படியில் யாரும் இல்லை. வாசலில் டிராக்டர் அப்போதுதான் வந்து நின்றது. கலியமூர்த்தி அண்ணன் தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கினார்.

"முன்னாடியே வந்தீங்களா அண்ணே?"

"இல்ல தங்கச்சி, ரோட்டுல தண்ணி. இப்பத்தான் வரேன். கொட்டிறலாமா?"

"வேணாங்க."

என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு எட்டிக் கீழே பார்த்தார். "தொட்டில ஒரு சின்ன மோட்டாரு போட்டு, காலையில ஒருக்கா, ராத்திரி ஒருக்கா எறச்சு விட்டா போதுங்க. செவுரு தாங்கும். அடுப்படி விரிசலுக்கு அடியில கல்லுக் கட்டிக் குடுத்துர்றேன்" என்றார்.

"மத்தியானத்துல மட்டும் போட வேணாம்" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. டிராக்டரைத் திருப்பச் சொன்னார். தம்பிக்குப் போன் போட்டேன். கத்துவான் என்று பார்த்தால் கத்தவில்லை. "கீழ ஓதுறாங்களாக்கா?" என்றான். கேலியாகச் சொல்லத்தான் ஆரம்பித்தான், முடிக்கும்போது குரல் கேலியாக இல்லை. "ஓதம்டா, வெறும் ஓதம்" என்றேன். அவனும் சரி என்றான்.

எனக்கு இன்னும் பயம் தெளியவில்லை. உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? நீங்கள் தேடிப் போய் உட்கார்ந்த இடத்துக்கு நான் பயந்துகொண்டேதான் போவேன். ஆனால் போவேன். மேல் படியில் உட்கார மாட்டேன். அது காலியாக இல்லை. அம்மாவின் பாயைத் திரும்பக் கீழே பரணில் வைத்துவிட்டேன். நடுப்படி எனக்குப் போதும். நீல வாளியை அங்கேயே விட்டு வந்திருக்கிறேன்.